தார்ப்பாயும் குடைத்துணியும்

மெதுவாக் காத்தடிச்சா தார்ப்பாய் ஆகாதுங்க சாமி. இத அவியளுக்குப் புரிய வெக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பேத்தியே பொறந்துட்டாங்க.

அவியன்னா எங்கூட்டுக்காரரு. நாமக்கல்லுல லாரி வெச்சிருந்தாங்க. மேட்டூர் டேம்ல மில்லு இஞ்சினியருக வருசாவருசம் பாய்மரப் போட்டி நடத்துவாங்கல்ல, அதுக்கு நாங்களும் ரெட்டைப் படகு ஒண்ணு வெச்சிருந்தோம். ரெண்டு ஓடம், நடுவுல பலகை, முன்னால முக்கோணமா ஒரு பாயி. அந்த முன்பாய் என் பொறுப்பு. தோக்கறது அவிய பொறுப்பு.

பாயில நான் மோசம் பண்ணித்தான் ஜெயிச்சேன்னு இப்பப் பேசிக்கறாங்களாம். அது பொய்யிங்க. அதச் சொல்லத்தான் நானே போலீஸ் டேசனுக்கு வந்தேன்.

"லாரித் தார்ப்பாய வெட்டித் தையி, கெட்டியா இருக்கும்"பாங்க அவிய. கெட்டியா இருந்து என்ன, கட்டிக்கவா போறோம்? ஆடிக் காத்துக்கு அது சரி. போட்டி பங்குனியில. காத்து பூனையாட்டப் படுத்துக் கெடக்கும்.

எழுவத்தொம்பதுல குடைத்துணியில தைச்சேன். பெருசாத் தைச்சிருக்கலாம். ஆனா பெரிய முன்பாய் கட்டுனா, வந்து சேந்த நேரத்தோட பத்து நிமிசம் கூட்டிருவாரு ராயப்பன், போட்டி நடத்தற சேலத்து இஞ்சினியரு. அதனால சின்னதா, லேசா, கொஞ்சம் தொப்ப விழுந்தாப்பல தைச்சேன். அவரே நாடா வெச்சு அளந்துட்டு, "கச்சிதமுங்கம்மா"ன்னாரு.

பாதி தூரம் நாங்கதான் முன்னால. ஒரு பாறைக் கரட்டச் சுத்தித் திரும்புனோம், காத்து செத்துப்போச்சு. பாயி தொங்குது. பெரிய பாய்க்காரனுக பின்னால வாரானுக. அவிய சப்பளம் போட்டு உக்காந்து இட்லி தின்னுக்கிட்டே, "நான் அப்பவே சொன்னேன், தார்ப்பாய்னு"ங்கறாங்க.

பெரிய பாய மாட்டுனா நிமிசம் கூடும். படகுல எடை கொறைக்கறதுக்கு வேற என்ன இருக்குதுன்னு பாத்தேன். பொறப்படறப்ப ரெண்டு பேரு இருக்கோணும்னுதான் விதி. வந்து சேர்றப்ப எத்தன பேருன்னு யாரும் எழுதல.

"ஏனுங்க, அந்த ஓரத்துல கயிறு சிக்கியிருக்குது பாருங்க"ன்னேன். குனிஞ்சாங்க. கைய வெச்சேன். படகு அப்பிடியே மேல எந்திரிச்சுது. குடைத்துணி லேசா உப்புச்சு. என் தையலப் பாக்க எனக்கே பெருமையா இருந்துச்சு.

அவிய சேந்தமங்கலத்துக்காரருங்க. கெணத்துல கூட எறங்குனதில்ல.

பின்னால வந்தவனுகளக் கூப்புடலையான்னு கேக்கறீங்க. பேரச் சொல்லித்தான கூப்புடோணும்? புருசன் பேரச் சொல்ற பழக்கம் எங்கூட்டுல இல்லீங்க சாமி. வெறுமனே "அவிய, அவிய"ன்னு கத்துனா எவனுக்குப் புரியும்? அதனாலதான் போனாங்களே ஒழிய, என் மேல தப்பில்லீங்க.

கரைக்கு வந்ததும் ஒளிக்காமச் சொன்னேன், "எங்கூட்டுக்காரரு தண்ணியில உழுந்துட்டாரு"ன்னு. ராயப்பன் ஆளுகளக் கூட்டிக்கிட்டுப் படகுல ஓடுனாரு. பந்தல்ல மைக்கு புடிச்சிருந்தவருக்கு சங்கதி தெரியல. மொத எடம் நாங்கன்னுட்டு, கப்புல போடறதுக்கு எங்கூட்டுக்காரரு பேரு என்னன்னு கேட்டாரு.

"அப்புசாமி"ன்னேன். கணீர்னு வந்துச்சுங்க.

டேமுக்குள்ள இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருந்தாங்க.