உம்மாவின் நோன்பு

மடவளை பஸ்ஸில் முன் சீட்டு இளைஞன், பக்கத்திலிருந்த நண்பனிடம் கடலைச் சுருளை நீட்டினான்.

“வேணாம் மச்சான். இண்டைக்கு உம்மாட நோன்பு பிடிச்சிருக்கேன்.”

“உம்மாதான் மௌத்தாகி, அடக்கமும் பண்ணியாச்சே?”

“ரமழான்ல, இன்னும் வெளிவராத புது சிஸ்டம் ஒண்ட போன்ல போட்டுப் பாத்தேன். அதால போன்ட நேரம் முந்திப் போனது தெரியல்ல. அண்டைக்குப் பெரிய மழை, வெளிச் சத்தம் ஒண்டும் கேக்கல்ல. போன்ல நோன்பு தொறக்கிற பாங்கு சொன்னதும் உம்மா பேரீச்சம்பழத்த வாயில வச்சிட்டாங்க. மழை கொறைஞ்ச பொறகு பாத்தா, பள்ளிவாசல்ல அப்பதான் பாங்கு சொல்றாங்க.”

“ஏசினாங்களா?”

“இல்ல. ‘பெருநாள் முடிஞ்சு இதுக்குப் பதிலா ஒரு நோன்பு கழாவா பிடிச்சிக்கிறேன், நீ யோசிக்காதே மகன்’ண்டாங்க. அதுக்குள்ள...”

மற்றவன் சுருளை மடித்துப் பைக்குள் வைத்தான்.

“இப்ப போன் சரியா?”

“சரிதான். ஆனா இண்டைக்குப் பள்ளி வாசல்ல நிண்டு, பாங்கக் காதால கேட்டுத்தான் நோன்பு தொறப்பேன்.”