இரண்டு ஓடைகளுக்கு நடுவே

மழைக்காலத்தில் வடக்கே வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பைத்தியம் என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் போய்ப் பார்த்ததே இல்லை. வருஷத்தில் முக்கால்வாசி காய்ந்து கிடக்கிற நிலம் ஜனவரியில் இடுப்பு உயரப் புல்லாகிவிடும். கெட்டிலைத் திறந்தால் தவளை உட்கார்ந்திருக்கும். கரிசல் மண் டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு, வண்டி கம்பளிச் செருப்பு போட்டுக்கொண்ட மாதிரி நடக்கும். லின்னும் நானும் வயிறு வலிக்கச் சிரித்த பயணம் அது. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட்.

லின் என் தங்கை. அப்பா நியூகினிப் போரில் போனார். அம்மா அதிக நாள் தாங்கவில்லை. எனக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பத்து. அந்தக் கோடையில்தான் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. ஊசியென்றால் அவளுக்கு ஆகாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவாள். சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, மருந்தை ஏற்றிப் போடுவதெல்லாம் நான்தான். அவளுக்கு நாற்பது தாண்டியும் அப்படியே. சார்ட்டர்ஸ் டவர்ஸில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடித்தேன், அவள் துணிக்கடையில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டிறைச்சி வறுவல், பிறகு சீட்டு. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

வாரிக் மீதும் எனக்குக் குறையில்லை. டார்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். புல்வெளிப் பந்தாட்டப் போட்டிக்கு எங்கள் ஊருக்கு வந்தார். சாப்பிடும்போது முனகலாகப் பாட்டுப் பாடுவார், அவ்வளவுதான். அவரும் லின்னும் கல்யாணத்துக்கு ஜனவரிக் கடைசியில் தேதி வைத்தார்கள். லின்னுக்கு விமான டிக்கெட் அனுப்புவதாக அவர் சொன்னார். வேண்டாம், நானே வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். லின் குதித்தாள். மழைக்கால வடக்கைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஆசை.

மவுன்ட் ஐசா வழியாக நல்ல தார்ச்சாலை இருக்கிறது. நான் வளைகுடாவை ஒட்டிய மண்சாலையைப் பிடித்தேன். அழகு அங்கேதான்.

நார்மன்டன் தாண்டி, பெட்ரோலும் விற்கிற ஒரு மதுக்கடையில் நின்றோம். கடைக்காரர் பெயர் கிளாரி. பனியனும் தொப்பையுமாக வந்து எங்கள் லேண்ட் ரோவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க கண்ணு, ரெண்டு பேரும்?"

"டார்வினுக்கு. கல்யாணத்துக்குப் போறோம்," என்றாள் லின்.

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

அவர் வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மாப்பிள்ளையை ஈஸ்டருக்குத் தள்ளி வைக்கச் சொல்லு. இந்த ரோட்டுல இப்போ வாத்துகூட ரெண்டு தடவை யோசிச்சுட்டுத்தான் போகும்."

"எங்க அக்கா டெல் ஓட்டினா வாத்து ஒதுங்கி வழி விடும்."

கடையில் இருந்த மாட்டுப்பண்ணை ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். பில்லைக் கொடுக்கும்போது கிளாரி என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி ரெண்டு ஓடை இருக்கும்மா. முதலாவதைத் தாண்டிடலாம். ரெண்டாவது ஏறிக் கிடக்கும். சரின்னு திரும்பினா அதுக்குள்ள முதலாவதும் ஏறிடும். நடுவுல மாட்டிப்பீங்க."

மிகத் தெளிவாகச் சொன்னார். நன்றி சொன்னேன். லின்னிடம் சொல்லிப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. முதல் ஓடையில் தண்ணீர் வண்டிக் கதவைத் தொட்டது. லின் இரண்டு காலையும் தூக்கி முன்கண்ணாடியில் வைத்துக்கொண்டு தப்புத் தப்பாகப் பாடினாள். இரண்டாவது ஓடை, ஓடையாகவே இல்லை; மரங்களுக்கு நடுவே ஒரு பழுப்புக் கடல். திரும்பி வந்தோம். முதலாவதும் கடலாகியிருந்தது. நடுவில் ஒரு கல்மேடு. அதில் ஏற்றி வண்டியை நிறுத்தி, தார்ப்பாய் கட்டினோம்.

அந்த நாட்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. வருத்தமாக இருக்கிறது. மேட்டில் எங்களோடு வாலபிகள், அந்தக் குட்டிக் கங்காருகள், ஒதுங்கியிருந்தன. ஒரு பெரிய உடும்பும் வந்து சேர்ந்தது. லின் அதற்கு எங்கள் தலைமையாசிரியர் பெயரை வைத்தாள். கழுத்தும் நடையும் அப்படியே அவர்தான். காலையில் பெலிக்கன்கள் இறங்கும். மாலையில் மழை சொல்லிவைத்தாற்போல் வரும், நாங்கள் சோப்பை எடுத்துக்கொண்டு அதில் போய் நிற்போம். டப்பா இறைச்சி, சாம்பலில் சுட்ட ரொட்டி, பீச் பழம். அவளுடைய மருந்து ஈரச் சாக்குப் பெட்டியில் குளிர்ச்சியாக இருந்தது. தேவைக்கு மேலேயே எடுத்து வந்திருந்தோம். இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் அவள் என்னோடு பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

வண்டியில் கேட்கவும் பேசவும் முடிகிற ரேடியோ இருந்தது. சாயந்தரம் தந்திகளை அதில் படிப்பார்கள். ஒருவருக்கு வருவதை வளைகுடா முழுவதும் கேட்கும். வாரிக்கின் தந்தியை அந்த ரேடியோக்காரர் மருந்துச்சீட்டு வாசிக்கிற குரலில் வாசிப்பார்: "என் மீன்குஞ்சே. தண்ணீர் வடியட்டும். கல்யாணச் சட்டையை நானே இஸ்திரி போட்டுவிட்டேன். காலரைக் கருக்கிவிட்டேன்." உடனே எங்கோ ஒரு பண்ணையிலிருந்து ஒரு பெண் குரல் குறுக்கே வரும்: "காலர் இல்லாத சட்டைய வாங்கிக்கச் சொல்லும்மா, ஆம்பளைங்க கையில இஸ்திரிப் பெட்டியக் குடுக்கலாமா?" லின் தரையில் உட்கார்ந்து சிரிப்பாள். நானும் சிரித்தேன். நான் சிரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு ஒருநாள் வேறு மாதிரித் தந்தி வந்தது. மாடு மேய்க்கப் பறக்கிற சின்ன ஹெலிகாப்டர் ஒன்றை வாரிக் பேசிப் பிடித்திருந்தார். மேகம் விலகினதும் வரும். அதில் பைலட்டைத் தவிர ஒருவருக்குத்தான் இடம்.

"அப்ப நான் முன்னாடி போயிடறேன் டெல்," என்றாள் லின், ரொட்டியைப் பிட்டுக்கொண்டே. "நீ தண்ணி வடிஞ்சதும் வண்டிய எடுத்துட்டு வா. இல்லேன்னா வீட்டுக்கே திரும்பிடு. உனக்கும் அலைச்சல்."

கோபமாகச் சொல்லவில்லை. வெண்ணெயைக் கொடு என்கிற மாதிரிச் சொன்னாள். நானும் வெண்ணெயைக் கொடுத்தேன்.

அன்று சாயந்தரம் ரேடியோவின் ஏரியல் கம்பி அறுந்துபோயிருந்தது. எலி கடித்திருக்கும் என்று அவளிடம் சொன்னேன். கம்பி வெட்டுகிற குறடு என் பையில்தான் இருந்தது, நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து ஊசியின் அளவையும் குறைத்தேன்.

இதில் நான் அனுபவம் இல்லாதவள் அல்ல என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இருபது வயதில் அவள் நர்ஸ் பயிற்சிக்கு டவுன்ஸ்வில் போகக் கிளம்பினாள். அப்போதும் குறைத்தேன். கிளம்ப வேண்டிய அன்று படுக்கையில் இருந்தாள். பிற்பாடு ஒரு நில அளவைக்காரர் அவளைப் பெண் கேட்டு வந்தபோதும் அப்படித்தான். இரண்டு தடவையும் நான் சூப் ஊட்டி, தலை துவட்டி, அளவைச் சரியாக்கியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டரே என்னைப் பாராட்டினார், இப்படி ஒரு அக்கா கிடைக்க வேண்டுமே என்று. கொஞ்சம் சோர்ந்திருந்தால் லின் நன்றாக யோசிப்பாள். அவசரப்படமாட்டாள்.

இந்தத் தடவை வெயில் அதிகம். அதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். தண்ணீர், தண்ணீர் என்று குடித்தாள். குடித்ததை வாந்தி எடுத்தாள். மூச்சில் அழுகின ஆப்பிள் வாசனை வந்தது. தார்ப்பாய்க்குக் கீழே என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள், அம்மா இறந்த வருஷம் கிடந்த மாதிரியே. நான் அவளுக்கு விசிறிக்கொண்டே பழைய கதையெல்லாம் சொன்னேன். உங்களுக்கு எப்படிக் கேட்கிறதோ தெரியவில்லை, எனக்கு அது நிம்மதியான நேரம்.

ஹெலிகாப்டர் ஒரு காலையில் வந்தது. புல் எல்லாம் படுத்தது, உடும்பு ஓடியது. பைலட் சின்னப் பையன்தான், மூக்கு முழுக்க வெள்ளைக் களிம்பு. மேட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்று, கட்டைவிரலைத் தூக்கி, எல்லாம் சரியா என்று சைகையில் கேட்டான். அடுக்கி வைத்திருந்த டப்பாக்களைக் காட்டினேன். தூங்குகிறாள் என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டினேன். நானும் கட்டைவிரலைத் தூக்கினேன். அவன் மேற்கே கையைக் காட்டினான். அங்கே கூரைமேல் ஏறி நிற்கிறவர்கள் இருந்தார்களாம், பிற்பாடு தெரிந்தது. போ, போ என்று கை அசைத்தேன். நல்ல பையன். அவனை ஒன்றும் கேட்காதீர்கள்.

"வந்துட்டாங்களா டெல்?" என்றாள் லின். கண் திறக்கவில்லை.

"நமக்கில்லடா. வேற யாரையோ தேடிட்டுப் போறாங்க."

 சாயந்தரம் ஆனதும் நான் ஊசியில் மருந்தை ஏற்றினேன். அப்போது கண்ணைத் திறந்து மருந்துப் பெட்டியைப் பார்த்தாள்.

"பாட்டில் ஏன் குறையவே இல்ல?" என்றாள்.

குழப்பத்தில் பேசுகிறாள் என்று நெற்றியைத் துடைத்துவிட்டேன். அவள் மறுபடி அதையே கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

ஆமாம், மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆமாம், கம்பியை வெட்டியதும் அந்தப் பையனைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். நீங்கள் எழுதி வைத்திருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். கொல்ல நினைத்தேன் என்று மட்டும் போடாதீர்கள். அவள் அடுத்த வாரம் எழுந்து உட்கார்ந்திருப்பாள். நாங்கள் வீட்டுக்குத் திரும்பியிருப்போம்.

என் மணிக்கட்டில் இருக்கிற நகக்கீறலைப் பற்றி டாக்டர் கேட்டார். அவருக்குத் தெரியாது. லின் எழுந்து சிரிஞ்சை என்னிடமிருந்து வாங்கப் பார்த்தாள், தானே போட்டுக்கொள்வதாக. கை அப்படி நடுங்குகிறவளிடம் எப்படிக் கொடுப்பது? நான் விடவில்லை. அவளும் என் கையை விடவில்லை. மழை வந்து நின்றது. அவள் மூச்சும் நின்ற பிறகு, நான் ஒவ்வொரு விரலாகத்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. என்னை விட்டுப் போக நினைத்தவள் அப்படியா பிடித்துக்கொள்வாள், சார்ஜென்ட்?