ரெங்கம்மாகிட்ட பாஸாகணும்

கவிஞரெல்லாம் இல்லைங்க மிஸ். கண்டக்டர் சும்மா நக்கல் பண்றான். நீங்க ஜன்னல் பக்கமே இருங்க, எனக்கு இந்தப் பக்கம்தான் காலு நீட்ட வசதி. ஸ்பிரிங்வெளி ஸ்கூலுக்குப் புதுசா வந்திருக்கீங்களா? நல்லதுங்க. அப்ப கடைசி வரைக்கும் ஒண்ணாத்தான் போறோம்.

நம்ம தொழிலா? கல்யாண வாழ்த்து எழுதுறது. ஆமாங்க, மைக்குல வாசிச்சுட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு பொண்ணு மாப்பிள்ள கையில குடுப்பாங்கள்ல, அதேதான். பண்டாரவளை, அப்புத்தளையில இருந்தெல்லாம் வந்து எழுதி வாங்கிட்டுப் போறாங்க. சிரிக்காதீங்க, நெசந்தான். ஆனா இன்னைக்குக் கொண்டுபோறது வேற மாதிரி. ரெங்கம்மான்னு ஒருத்தங்க, ஃபேக்டரி சந்தியில வடைக்கடை வச்சிருக்காங்க. அந்தம்மாகிட்ட இன்னைக்கு ஒண்ணு சொல்லிக் காட்டணும். அது சரின்னு சொன்னாத்தான் சரி.

மொதல்ல நான் சவுண்ட் சர்விஸ் வச்சிருந்தேன். ஜெயராசா சவுண்ட்ஸ். கோயில் திருவிழா, சடங்கு வீடு, கல்யாணம், எல்லாத்துக்கும் நம்ம கூம்பு ஸ்பீக்கர்தான் மரத்துல தொங்கும். மைக்கு நம்ம கையில இருந்தா என்ன வசதின்னா, ஒருத்தரும் எதுத்துப் பேச முடியாது. பேசினாலும் நமக்குக் கேக்காது. பாதி ஆயுசு அப்பிடியே சந்தோசமா ஓடிருச்சு.

வாழ்த்தும் நானேதான் வாசிப்பேன். எழுதுறதுன்னு என்னத்த, எல்லாருக்கும் ஒரே வாழ்த்துதான். பொண்ணு நிலவு, மாப்பிள்ள சூரியன், நடுவுல ஒரு தாமரை, ரெண்டு மயிலு. பேர மட்டும் மாத்திக்குவேன். ரெங்கம்மா மக கலாராணி கல்யாணத்துல அதையும் மாத்த மறந்துட்டேன். மாப்பிள்ள பேரு கிருஷ்ணராஜ். நான் அதுக்கு முந்தின வாரம் வேற வீட்டுல வாசிச்ச சுரேஸ் பேரையே கடைசி வரைக்கும் கணீர்னு வாசிச்சுட்டேன். ஸ்பீக்கரு வேற நல்ல ஸ்பீக்கரு. மேல் லயத்து வீடு, கீழ் லயத்து வீடு, எதுத்த தேயிலை மலையில கொழுந்து எடுத்தவங்க வரைக்கும் கேட்டுருச்சு. யாரு இந்த சுரேஸ்னு மாப்பிள்ள வீட்டுல ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு மிஸ்.

கிழிக்கப் போகுதுன்னு பாத்தா, பந்தி முடிஞ்சு ரெங்கம்மா ஒரு தேத்தண்ணியக் கொண்டாந்து வச்சிச்சு. பேரு மாறினதுக்கு எனக்குக் கோவம் இல்ல, பேரு மாறியும் ஒரு வார்த்தைகூட இடிக்கல பாத்தீங்களா, அதுதான் வலிக்குதுன்னுச்சு. நிலவு வந்துச்சு, தாமரை வந்துச்சு, மயிலு வந்துச்சு, எம் மக எங்க வந்தான்னு கேட்டுச்சு.

எனக்குன்னா சுர்ருன்னு ஏறிருச்சு. வடைக்காரிக்கு என்ன தெரியும் வாழ்த்தப் பத்தின்னு மனசுக்குள்ள முணுமுணுத்துக்கிட்டே வயரச் சுருட்டுனேன்.

அப்புறம் என்னாச்சு, ஊரெல்லாம் சின்னப் பெட்டி ஸ்பீக்கர் வாங்கி ஃபோன்லயே பாட்டுப் போட ஆரம்பிச்சுட்டாங்க. நம்மளக் கூப்பிட ஆளில்ல. கூப்பிட்ட ஒண்ணு ரெண்டு பேரும் சுரேஸ் சவுண்ட்ஸான்னு கேட்டாங்க. சம்சாரம் போய்ச் சேந்த பொறவு வீட்டுலயும் பேச ஆளில்ல. ஸ்பீக்கரெல்லாம் வித்துட்டு நேரா வடைக்கடைக்குத்தான் போனேன். சரிங்க, ஒங்க மகளப் பத்தி என்ன எழுதியிருக்கணும், சொல்லுங்கன்னேன்.

சொல்லிச்சு பாருங்க. மழையில அட்டைக் கடியோட நடந்துபோயி, ஸ்கூல் பைப்புல காலக் கழுவிட்டுத்தான் பையில இருந்து சப்பாத்த எடுத்துக் கால்ல மாட்டுமாம் அந்தப் புள்ள. பதுளையில துணிக்கடை வேலைக்குப் போயி, மொதச் சம்பளத்துல அம்மாவுக்கு ஒரு குக்கர் வாங்கியாந்துச்சாம். ரெங்கம்மாவுக்கு அந்த விசில்னா பயம். அடுப்புல வச்சிட்டு வெளிய போயி நின்னுக்குமாம், இன்னைக்கும். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது, கண்ணுல தண்ணியும் ஓடுது.

அதையே எழுதிட்டுப் போயி வாசிச்சேன். அடடான்னு சொல்லும்னு பாத்தா, பாதி வாழ்த்துல நீங்கதான் நிக்கிறீங்க, கொஞ்சம் தள்ளி நின்னா எம் மக தெரிவான்னுச்சு. தள்ளி நின்னேன். மறுபடி வாசிச்சப்ப எண்ணெய் பொகையிறதக்கூட அது பாக்கல, வடை பூராக் கருகிப் போச்சு. அன்னைக்குத்தான் மிஸ் நான் எழுத ஆரம்பிச்சேன்.

இப்ப யாரு வந்தாலும் பேர அப்புறம்தான் கேப்பேன். பொண்ணு கோவம் வந்தா என்ன பண்ணும், மாப்பிள்ள சோத்துல எத ஒதுக்குவாரு, அதுதான் மொதல்ல. எழுதினது எல்லாம் நேரா சந்திக்குத்தான் போகும். பிரிண்ட் அடிக்கிற முஹம்மது நானாகூடக் கேப்பாரு, ரெங்கம்மா பாத்தாச்சான்னு. மொதல்லெல்லாம் அது ஒரு வரிய வெட்டச் சொன்னா வயிறு எரியும். இப்ப ஒண்ணும் சொல்லலேன்னாத்தான் எனக்குப் பயம்.

கையில பேப்பரக் காணோமேன்னு பாக்குறீங்களா? இது எழுதலைங்க. வாயாலயே சொல்லணும், மைக்கு இல்லாம.

ரெங்கம்மா வீட்டுக்காரரா? புள்ள சின்னதா இருக்கும்போதே போயிட்டாரு. இப்ப தனியாத்தான் இருக்கு. ஒரு விசயம் கவனிச்சேன் மிஸ். ஊரையே அண்ணேங்கும், தம்பிங்கும். என்னைய மட்டும் இத்தன வருசத்துல ஒருநாளும் அண்ணேன்னு கூப்பிட்டதில்ல. இந்தாங்கன்னுதான் கூப்பிடும்.

அந்தா, ஃபேக்டரி கூரை தெரியுது. மிஸ், நீங்க தப்பா நெனைச்சுக்காதீங்க. பதுளை ஸ்டாண்டுல இருந்து இம்புட்டு நேரம் ஒங்ககிட்ட சொன்னேன்ல, மைக்கு, சுரேஸ், கருகுன வடை எல்லாம்? இதத்தான் மிஸ் அதுகிட்ட சொல்லப் போறேன். சொல்லிட்டு, இனிமே விசிலடிச்சா நீ வெளிய போயி நிக்க வேணாம் ரெங்கம்மா, நான் உள்ள நின்னு எறக்கி வைக்கிறேன்னு முடிக்கலாம்னு இருக்கேன்.

எங்கயாச்சும் கொட்டாவி வந்துச்சா? வடைக்காரின்னு சொன்னத எடுத்துர்றேன். இன்னமும் நான்தான் ரொம்ப நிக்கிறேனா? தயங்காமச் சொல்லுங்க மிஸ், திருத்திக்கிறேன். இன்னும் ஒரு வளைவு இருக்கு.