ஃப்ரிட்ஜின் மேல்தட்டு

— கதவைத் தட்டாம வந்துட்டேன்னு முறைக்காதடி பில்யானா. சாவியைக் குடுத்து வச்சவ நீதானே!

— செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் குடுத்தேன், ஸ்லாத்கா சித்தி. நாங்க வார்னா கடற்கரையிலேர்ந்து வந்து ரெண்டு வாரம் ஆச்சு.

— ஆகட்டுமே. பனித்சா சூடா இருக்கு, சாப்பிடு. பாலாடைக்கட்டி தாராளமா வச்சுச் சுட்டிருக்கேன். கண்ணு ஏன் சிவந்திருக்கு? உன் புருஷன் காலையில வண்டியை அந்த உறுமு உறும விட்டுட்டுப் போனானே! நான் ஜன்னல்ல... சும்மாதான் நின்னேன்.

— நீங்க எப்ப ஜன்னல்ல நிக்கல?

— சரி, ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? மூணாவது மாடி நெதியால்கா கேட்டா.

— அவளுக்கு என்னத்துக்கு?

— எனக்குத் தெரியாததை அவ முதல்ல தெரிஞ்சுக்கக் கூடாதே, அதுக்குத்தான்.

— ஒண்ணும் வளரல சித்தி.

— எது வளரல?

— கருமுட்டை. சாதாரணமா மாசத்துக்கு ஒண்ணுதான் முதிரும். நான் வயித்துல போட்டுக்கற ஊசி நாலஞ்சை ஒண்ணா வளர்க்கும். அதை வெளிய எடுத்து, ஒக்னியானோட விந்தணுவோட சேர்த்து, கருவானதும் திரும்ப உள்ள வைப்பாங்க. போன தடவை அஞ்சு வளர்ந்துச்சு.

— வளர்ந்து என்ன, தங்கலையே.

— தங்கல. இந்தத் தடவை வளரவே இல்ல. அதே மருந்து, அதே அளவு. நேத்து ஸ்கேன்ல பார்த்தா பொட்டல்காடு.

— குறை அவன்கிட்ட இருக்கும்டி! என் தங்கச்சியை அவ மாமியார் வறடி வறடின்னே கூப்பிட்டா. புருஷன் செத்தான், இன்னொருத்தனைக் கட்டினா, ரெட்டைப் பிள்ளை பெத்தா. கிழவி அந்த ஞானஸ்நானத்துக்கு வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டுப் போச்சு.

— அவனையும் சோதிச்சாச்சு. குறை இல்ல. என் முட்டை தீர்ந்துபோச்சாம். இனிமே வேற பொண்ணோட முட்டைதான் வழின்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் எனக்கு நாப்பத்தி மூணு. அதுக்கு மேல அரசாங்கமும் வைத்தியச் செலவைத் தராம கையை விரிச்சிடும்.

— வேற பொண்ணோடதா! ஒக்னியான் என்ன சொன்னான்?

— அவன் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். பெத்துத் தரக்கூடியவ ஒருத்தியைப் பார்த்துக்கோ, நான் குறுக்க நிக்க மாட்டேன்னு. அதுக்கப்புறம்தான் வண்டி உறுமினது.

— அட பைத்தியக்காரி! மாதாவுக்கு மனசு இரங்கல, அதுக்கு நீ என்ன பண்ணுவ? நானும் என்ன குறை வச்சேன்? நீங்க கடலுக்குப் போயிருந்தப்ப மாதா திருநாள் வந்துச்சுல்ல, பஸ் பிடிச்சு மடத்துக்குப் போனேன். கூட்டம்னா கூட்டம்! ஆளாளுக்கு வீட்டு நோயாளியோட சட்டையைத் தூக்கிட்டு வந்து, மாதா படத்துக்கு அடியில வைக்க வரிசையில நிக்கறாங்க. மொட்டை வெயில். என் மண்டையே உருகிடுச்சு. சாயங்காலம்தான் உள்ள விட்டாங்க. ராத்திரி பூரா மெழுகுவர்த்திக்குப் பக்கத்துலயே வச்சிருந்து, விடிஞ்சதும் எடுத்துட்டு வந்தேன்.

— என் சட்டையையா?

— சட்டையா பிள்ளை தரப் போகுது? சாப்பிடு, ஆறிடும்.

— எனக்கு மாதா மேல கோபம் இல்ல சித்தி. இந்த உடம்பு மேலதான். மருந்து மேலயும் பழி போட முடியாது. கண்ணு மாதிரி காத்தேன். கடலுக்குக்கூட எடுத்துட்டுப் போகல. சூடு பட்டா வெறும் தண்ணிதான்னு நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னா. அதான் இங்கயே, ஃப்ரிட்ஜ் மேல்தட்டுல, ஓரமா வச்சுட்டுப் போனேன்.

— வெறும் தண்ணியா?

— ஆமா.

— பார்த்தா தெரியாதா? நிறம், கிறம் மாறாதா?

— மாறாது. அப்படியேதான் இருக்கும். ஏன் கேக்கறீங்க?

— எடுத்த மாதிரியே, அதே மேல்தட்டுல, அதே ஓரத்துலதான்டி திரும்ப வச்சேன், பில்யானா.