என் டப்பாவில் சமுத்திரத்தின் சளி

இந்தக் காசநோய் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றுத் தாயன்போடு அமர்ந்திருக்கும் டாக்டர் கேத்ரின் அம்மா அவர்களே! ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலைத் தலையில் தாங்கி வந்திருக்கும் பெரியோர்களே! பால் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் உட்கார்ந்து என்னை முறைக்கும் நண்பன் சமுத்திரமே! அனைவருக்கும் இந்த மாரிச்சாமியின் வணக்கம்.

கைநாட்டுக்காரனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். இனி கேட்பவர்கள் பாடு!

போன தை மாதம், ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ராஜபாளையத்து மில்லில் நாற்பது ஆண்டு பஞ்சுத் தூசியை விழுங்கிய நெஞ்சோடு, இருமி இருமி ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்தேன். ஆய்வகத்துப் பெண் யோகேஸ்வரி ஒரு டப்பாவை நீட்டினாள். "தாத்தா, எச்சி வேண்டாம். நெஞ்சுக்குள்ள இருந்து காறித் துப்புங்க. டிபி இருக்கா இல்லையான்னு மிஷின் ரெண்டு மணி நேரத்துல சொல்லிரும்."

நோய்க்கா பயந்தேன்? இல்லை. சாவுக்கா பயந்தேன்? அதுவும் இல்லை. வியாழக்கிழமை என் பேத்திக்குப் பூ வைக்க ஆலங்குளத்திலிருந்து வருகிறார்கள். காசநோய் என்ற சொல் காதில் விழுந்தால் பாதி வழியில் வேனைத் திருப்பிவிடுவார்களே, அதற்குப் பயந்தேன்!

அந்த நேரம் பார்த்து ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான் சமுத்திரம். ஆள் தேக்கு மரம்.

"ஏலே, இந்த டப்பால காறிக் குடு."

"என் சளி உனக்கு எதுக்குல?"

"நீ நல்லா இருக்க. உன் சளியும் நல்லா இருக்கும்."

"ஒரு மாசமா இருமுதேனே?"

"அது பீடி இருமல். துப்புல!"

துப்பினான். நட்புக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு; சளியைக் கொடுத்தவன் இவன் ஒருவன்தான்! யாரப்பா அங்கே கைதட்டுவது? அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

இரண்டே மணி நேரம். டாக்டர் அம்மா வந்து நின்றார். "ஐயா, உங்க சளியில டிபி கிருமி இருக்கு. மருந்துக்குக் கட்டுப்படுற கிருமிதான். ஆறு மாசத்துல சரியாயிரும்."

சொல்லாமல் வீட்டுக்கு ஓடிவிடலாமா? வாயை மூடிக்கொண்டால் மாத்திரை எனக்கு; மரணம் அவனுக்கு!

இதே நோயில் போன என் தம்பி ராக்கப்பன் கண்முன் வந்தான். அந்தக் காலத்தில், பூதக்கண்ணாடிக்குத் தப்பிய கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கத்தான் வழி. வாரக்கணக்கில் காத்திருந்தோம். முடிவு எப்போது வந்தது தெரியுமா? அவனுடைய பதினாறாம் நாள் பந்தியில் இலை போட்டபோது வந்தது!

"டாக்டரம்மா, அது சமுத்திரத்துச் சளி!" என்று உண்மையைக் கக்கிவிட்டேன்.

"இரவல் வாங்குத பொருளா தாத்தா இது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் யோகேஸ்வரி.

எதிர்த்த டீக்கடையில் அரட்டையில் இருந்தவனைப் பிடித்து வந்தார்கள். அவன் பெயரிலேயே மறுபடி சோதித்தார்கள், அதே பதில். உடனே மருந்து தொடங்கியது. என் சளி? சுத்தம்! வெறும் பஞ்சுத் தூசி!

வியாழக்கிழமை, வந்தவர்களிடம் நடந்ததை நானே சொன்னேன். மாப்பிள்ளையின் தாய் சிரித்தார். "எங்க வீட்டுக்காரரும் அந்த மாத்திரையைத் தின்னு முடிச்சவிய தான். பூவை எடுங்க!"

ஏலே சமுத்திரம், எழுந்து நில்! பாருங்கள், ஆறு மாதமும் மாத்திரை தின்று, பீடியையும் விட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் தெறிக்க நிற்கிறான்! மிஷின் பொய் சொல்லவில்லை, மாரிச்சாமிதான் சொன்னான். ஆகவே மக்களே, இருமலுக்குப் பீடி என்று பெயர் வைக்காதீர்கள், பஞ்சு என்று பெயர் வைக்காதீர்கள். அவரவர் சளியை அவரவரே துப்புங்கள்!

இருமாமல் கேட்டவர்களுக்கு என் நன்றி. இருமிக்கொண்டே கேட்டவர்களுக்கு என் வணக்கம். வாசலில் டப்பாவோடு யோகேஸ்வரி நிற்கிறாள், போய்ப் பார்த்துவிட்டுப் போங்கள்!