குட்டுக்கு வேற வார்த்தை

குட்டுன்னா டைப்படிச்சிருக்கிய? வேண்டாம் பாய், அந்தத் தாள உருவிருங்க. ரோசம்மா குட் கேர்ள்னு எழுதிக் குடுத்தா எந்த கேட்டுலயும் உள்ள விடமாட்டாவ. குட்டுங்கது நாய்க்கும் சொல்லுவாவ. நான் இருந்த ஒரு வீட்டுல தொரை பந்தத் தூக்கி எறிவாரு, நாய் கவ்விக்கிட்டு வந்தா தலையத் தடவிக் குடுத்து குட் குட்டும்பாரு. எம்மவளுக்கு அது வேண்டாம்.

இல்ல, எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. இது எப்படிக் கண்டேன்னா, நடுவுல ரெண்டு முட்டை ஒட்டிக்கிட்டு நிக்குல்லா, அது குட்.

இந்த டின்னத் தெறந்து பாருங்க. எட்டு இருக்கு. எல்லாம் என் சர்ட்டிபிகேட்டு. சேசம்மாள்னு பேரு போட்டிருக்கும். பதினேழு வருசமா பம்பாய்ல ஆயா வேல. ஒரு வீட்டுல வேலைய விட்டு நிக்கையில அந்த மேம்சாப் எழுதிக் குடுக்கணும். அத அடுத்த மேம்சாப் படிக்கணும். அப்பத்தான் கதவு தெறக்கும். தாராவில எங்க சந்துல மழைத்தண்ணி ஏறுனா நான் மொதல்ல தூக்குறது இந்த டின்னத்தான், பொறவுதான் அரிசிப் பானை.

மூணு மணிக்குள்ள முடிச்சிருவியளா? சரி. நாலுக்கு ரோசம்மா கெளம்பணும்.

அந்த நீல மை இருக்குல்லா, அது பெய்த்புல். விசுவாசமா இருந்தாளாம் நான். நாப்பத்தேழுல கப்பலேறிப் போன தொரைசானி எழுதுனது. மடிப்புல கிழிஞ்சிருக்கது ஹானஸ்ட். மாட்டுங்கா பார்சியம்மா. மோதிரத்தக் காணும்னு ஒரு பகல் பூரா என்ன போலீஸ் சவுக்கியில உக்கார வச்சா. மோதிரம் சோப்பு டப்பாவுல கெடந்துச்சு. மறுநாளே எழுதிக் குடுத்துட்டா. மன்னிச்சிருன்னு சொல்ல வாய் வரல போல, ஹானஸ்டுன்னு எழுத கை வந்துச்சு.

அது சோபர். சிரிக்கிய பாத்தியளா. நானும் அதப் பெரிய வார்த்தைன்னு சந்து பூரா பெருமையடிச்சேன். பொறவுதான் எங்க வேதமுத்து வாத்தியாரு படிச்சுப் பாத்துட்டு, ஏ சேசம்மா, குடிக்காதவன்னுல்லா போட்டிருக்குன்னாரு. குடிச்சது எங்க வீட்டுக்காரரு. சர்ட்டிபிகேட்டு எனக்கு.

எல்லாத்தையும் அவருதான் சொல்லிக் குடுத்தாரு. இதெல்லாம் குட்டுக்கு அண்ணந் தம்பிதான், ஆனா ஒருத்தன் மொகம் மாதிரி இன்னொருத்தன் மொகம் இருக்காதும்பாரு. விலிங்னா எவ்வளவு வேல குடுத்தாலும் முனங்காதவ. கிளீன்னா கை சுத்தம், சீல சுத்தம். அடியில ஒண்ணு கெடக்கு பாருங்க, சாட்டிஸ்பாக்டரி. எழுத்து நீளமா இருக்கேன்னு நான் அத மேல வச்சுக்கிட்டு மூணு மாசம் ஒவ்வொரு வீட்டு கேட்டா அலைஞ்சேன். படிச்சிட்டுப் படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாவ. ஏதோ இருந்தா, அவ்வளவுதான்னு அர்த்தமாம் அதுக்கு. எனக்கு எங்க தெரியும்? தூரப் போடவும் மனசு வரல. நாலு வருசம் ஒழச்சதுக்கு எழுதுனதுல்லா.

அதான் சொல்லுதேன், ரோசம்மாவுக்கு வார்த்தையப் பாத்துப் போடணும். மொத சர்ட்டிபிகேட்டு. எங்க சந்து கோமதியம்மாள்தான் சொன்னா, மாட்டுங்கா போஸ்டாபீஸ் பக்கம் ஜெயினுலாப்தீன் பாய் டைப்பு மெசினு வச்சு உக்காந்திருக்காரு, நம்ம பக்கத்து ஆளு, அவருகிட்ட போய்க் கேளுன்னு.

அவ எங்க இருந்தாளா? செம்பூர்ல. மூணு வருசம். ஒத்தப் பிள்ளையப் பாத்துக்கிட்டா, டிக்கின்னு ஒரு சின்னப் பொண்ணு.

மேம்சாப்பே எழுதலாம்தான். நேரா செம்பூர்லருந்துதான் வாறேன். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டான். சேதி சொல்லி அனுப்புனேன். ரோசம்மா சீப்பையும் செருப்பையும் ரெண்டு கவுனையும் ஒரு பையில போட்டு அனுப்புனாவ. இதான் அந்தப் பை. நல்லாத் துழாவிப் பாத்துட்டேன், தாளு ஒண்ணும் இல்ல. மேம்சாபுக்கு மனசு சரியில்ல, பொறவு வாங்கன்னு சொல்லச் சொன்னாவளாம். பொறவு எதுக்கு?

எம்மவ எப்படிப்பட்டவன்னா... என்னத்தச் சொல்ல. வீட்டுல எப்படின்னா சொல்லுவேன். காலைல எழும்ப மாட்டா. வாயி நீளம். எங்கிட்ட கோவிச்சா ஊறுகாய வச்சே மூணு வேளையும் தின்னுட்டு மொகத்தத் திருப்பிக்கிடுவா. இதெல்லாம் சர்ட்டிபிகேட்டுல வராதுல்லா. மேம்சாப் வீட்டுல எப்படி இருந்தான்னு எனக்கு எங்க தெரியும்?

ஒண்ணு தெரியும். போன மாசம் அந்தப் பிள்ளைக்குத் தொண்டைல நோவு வந்துச்சு. ஒட்டுற நோவு. டாக்டரு யாரும் கிட்ட போகாதிய, பெரியாஸ்பத்திரில சேருங்கன்னாரு. மேம்சாப்புக்கு மனசு வரல, வீட்டுலயே வச்சுக்கிட்டாவ. அவுகளும் கதவுகிட்ட நின்னு பாத்துட்டுப் போயிருவாவ. இவ பதினோரு நாளு அந்த அறைய விட்டு வெளிய வரல. சளி தொண்டைய அடைக்க அடைக்க விரலு விட்டு வழிச்சு எடுத்தாளாம். பிள்ளை பொழச்சிருச்சு. இன்னைக்கும் பாத்தேனே, மாடி ஜன்னல்ல நின்னு எனக்குக் கையாட்டுச்சு.

ஆமா, சொல்லுங்க. என்னது? டிவோட்டட்டா? இன்னொருக்கச் சொல்லுங்க. டிவோட்டட். அப்படின்னா? தன்னையே குடுத்துட்டவளா. கோயில்ல மாதாவுக்கு நேந்து விடுத மாதிரியா. ஓ.

என் எட்டுல இது இல்லையே பாய். ஒரு மேம்சாப்பும் எனக்கு இத எழுதல. அதப் போடுங்க. ஹானஸ்ட்டும் போடுங்க. கிளீன் போடுங்க, அவ நகத்துல அழுக்கு நிக்காது. சோபர் வேண்டாம். விலிங்? போடுங்க. பெய்த்புல்லையும் கூடவே போடுங்க, எடம் இருக்குல்லா.

படிங்க. மெதுவா. ம்.

கையெழுத்தா? மேம்சாப் பேரு போடாண்டாம். கள்ளக் கையெழுத்து போட்டுக் கேட்டுல மாட்டிக்கிடக் கூடாது. நான் பெருவெரல் வைக்கேன். மசி இருக்கா? இந்த எடத்துலயா? சேசம்மாள், பதினேழு வருசம் ஆயான்னு பக்கத்துல அடிங்க. வேலை தெரிஞ்சவ சொல்லுதான்னு இருக்கட்டும்.

செல்லாதுன்னு எனக்கும் தெரியும் பாய். எந்த வீட்டுல தாயி குடுத்த சர்ட்டிபிகேட்ட வாங்குவாவ?

கவர் வேண்டாம், மடிக்கவும் வேண்டாம். அப்படியே அவ கைக்குக் கீழ வச்சிருவேன், ஜெபமாலையோட. மேல கேட்டுல நிறுத்துனா காட்டட்டும். மேம்சாப் பிள்ளைக்கு வந்த அதே நோவுதான். செவ்வாக்கெழம இவளத் தொண்டை நோவுதுன்னு டாக்சில ஏத்தி வீட்டுக்கு அனுப்புனாவ, இன்னைக்கு விடியக்காலம் உசுரு போயிட்டு. ஒட்டுற நோவுன்னு பெட்டிய சீக்கிரம் மூடணுமாம். சயான் கல்லறைக்கு நாலு மணிக்கு எடுக்காவ. பஸ்ஸு இந்தப் பக்கமா நிக்கும், அந்தப் பக்கமா?