ரெண்டு அட்டை, ஒரே மருந்து

பேச்சை இங்க கொஞ்சம் நிறுத்திக்கிறேன். ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? கதைன்னு சொல்றேன்... நடந்தது.

தூத்துக்குடியில ஜெசிந்தான்னு ஒரு அம்மா. எறால் கம்பெனியில உரிக்கிற வேலை. காலையில ஐஸ் தண்ணியில கையை வெச்சா சாயங்காலம்தான் எடுப்பாங்க. அந்தக் கை எப்படி இருக்கும்? ஊறி, வெளுத்து... நகமெல்லாம் மஞ்சளாகி, தடிச்சு, உதிர ஆரம்பிச்சிருச்சு. பூஞ்சைத் தொற்று. டாக்டர் மாத்திரை எழுதினார். தினம் ஒண்ணு, ஆறு வாரம்.

பத்து நாள் கழிச்சு இடுப்புல படர்தாமரை. இந்தத் தடவை வேற டாக்டர். பழைய மாத்திரையைப் பத்தி அவர் கேக்கல, இவங்க சொல்லல. அவரும் ஒரு மாத்திரை எழுதினார்.

அந்தச் சீட்டோட மருந்துக் கடைக்கு வந்தாங்க. கவுண்டர்ல நின்னது யாரு? உங்க முன்னாடி மைக் பிடிச்சு நிக்கிறேனே... நானேதான்.

"அண்ணாச்சி, நகத்துக்கு ஏற்கெனவே இது சாப்பிடுதேன். ரெண்டையும் சேத்துச் சாப்பிடலாமா?" பையிலிருந்து பழைய அட்டையை எடுத்து நீட்டுனாங்க.

நான் பார்த்தேன். எதைப் பார்த்தேன்? நிறத்தைப் பார்த்தேன். அது நீலம், இது பச்சை. பெரிய எழுத்துல இருந்த பேரும் வேற வேற. "அது நகத்துக்கு, இது படைக்கு. தாராளமா சாப்பிடுங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டேன்.

மூணாவது வாரம் வாந்தி. சோத்தைக் கண்டாலே குமட்டல். கண்ணு மஞ்சள். பெரியாஸ்பத்திரியில சேர்த்தாங்க. அங்க ஒரு டாக்டரம்மா ரெண்டு அட்டையையும் திருப்பிப் பின்னாடி படிச்சாங்க... சின்ன எழுத்து. இதுலயும் டெர்பினாஃபின். அதுலயும் டெர்பினாஃபின்.

"ரெண்டும் ஒரே மருந்தும்மா! சிலருக்கு இது ஈரலைத் தாக்கும். நீங்க தினமும் ரெண்டு மடங்கு சாப்பிட்டிருக்கீங்களே... யார் சொன்னா?"

யார் சொன்னா? நான் சொன்னேன்.

பொழைச்சுட்டாங்க. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி, மூணு மாசம் வேலை இல்ல. விஷயம் தெரிஞ்சு வீட்டுக்குப் போனேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கணும்னுதான் போனேன். அவங்க திட்டல. மெதுவா சொன்னாங்க:

"எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியுமேன்னுதான் கேட்டேன்."

அடிச்சிருந்தா தாங்கியிருப்பேன்...

மருந்துக் கடை வெச்சிருக்கிற என் சொந்தங்களே, கம்பெனிக்கு ஒரு பேரு வைப்பாங்க. அது விக்கிறதுக்கு. ஆனா மருந்துக்குன்னு உலகம் பூரா ஒத்துக்கிட்ட பேரு ஒண்ணு இருக்கு. இங்கயும் அதே பேரு, கடல் தாண்டினாலும் அதே பேரு. அதை எதுக்கு வெச்சாங்க? ஜெசிந்தா மாதிரி ஒருத்தர் ரெண்டு அட்டையை நீட்டும்போது, ரெண்டும் ஒண்ணுதான்னு நம்ம கண்ணுல படணும்னுதான்.

நாளைக்குக் கடை திறப்பீங்க. யாராவது வந்து கேப்பாங்க. அட்டையைத் திருப்புங்க. அந்தச் சின்ன எழுத்தை அவங்க காதுல விழுற மாதிரி வாய்விட்டுப் படிங்க. இது எதுக்கு, எத்தனை நாளைக்கு, வேற என்ன சாப்பிடுறீங்கன்னு நின்னு பேசுங்க.

நாம படிச்சது... வேற எதுக்கு?